திடலில் களை: இழுத்துச் செல்லும் மருந்து வண்டியை நாமே செய்வது எப்படி?

நாலு நாள் மழை பெய்து, ஒரு வாரம் வெயில் அடித்தால் போதும். நம் தோட்டத்துத் திடல் ஆளே தெரியாதபடி மாறிவிடும். பிள்ளைகள் பந்தாடும் இடத்தில் தொட்டாற்சுருங்கி முள்ளோடு படர்ந்து கிடக்கும். கோயில் வாசலில் கோரை தலை காட்டும். வீட்டுக்கு முன்னால் அம்மான் பச்சரிசியும் குப்பைமேனியும் புல்லைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும். திருவிழாவுக்கோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ பத்து நாள் இருக்கும்போதுதான், "யாராவது பம்பைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து அடியுங்களேன்" என்று பேச்சு எழும். தூக்குகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார்.

இன்றைய பேச்சு அந்தப் பம்பைப் பற்றியது. அதை முதுகிலிருந்து இறக்கி, இரண்டு சக்கரத்தின் மேல் வைத்துப் பின்னால் இழுத்துப் போக முடியாதா? முடியும். வெல்டிங் தெரிந்த ஒருவரும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கொஞ்சம் பழைய சாமானும் இருந்தால், ஒரு சிறிய மருந்து வண்டியை நாமே செய்துகொள்ளலாம். அதைச் செய்யும் முறை, மருந்தை அளக்கும் கணக்கு, உடம்பைக் காக்கும் வழி ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதுகுப் பம்பில் என்ன குறை?

முதுகில் சுமக்கும் பம்பு 15 அல்லது 16 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பம்பின் எடையும் சேர்த்தால் ஏறக்குறைய 20 கிலோ. அதைச் சுமந்துகொண்டு, ஒரு கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டு, மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மூடியோ வாஷரோ தேய்ந்திருந்தால் மருந்து முதுகில் வழியும். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் தோல் வழியாக மருந்து உள்ளே போகும்.

இன்னொரு குறையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முதுகுப் பம்பில் மருந்து நமக்கு முன்னால் விழுகிறது. நாம் நடப்பதும் முன்னால்தான். ஆகவே, இப்போதுதான் மருந்து விழுந்த ஈரப் புல்லிலேயே காலை வைத்து நடக்கிறோம். முழங்காலுக்குக் கீழே கால்சட்டை நனைந்துபோவது இதனால்தான். வண்டியில் நிலைமை நேர்மாறு. நாம் முன்னே நடக்கிறோம், சக்கரம் அடுத்து வருகிறது, மருந்து கடைசியாக விழுகிறது. காலும் சக்கரமும் காய்ந்த புல்லிலேயே போகின்றன.

மூன்றாவது குறை கலப்பதில் இருக்கிறது. 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள திடல் 6,000 சதுர மீட்டர்; சுமார் ஒன்றரை ஏக்கர். ஹெக்டேருக்கு 200 லிட்டர் என்று தெளித்தால் இந்தத் திடலுக்கு 120 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பம்பானால் எட்டு முறை கலக்க வேண்டும். 40 லிட்டர் வண்டியானால் மூன்று முறை போதும். மருந்து வேலையில் மிகவும் ஆபத்தான நேரம், தண்ணீர் சேராத கெட்டி மருந்தைப் புட்டியிலிருந்து ஊற்றும் நேரம். எட்டு முறை வர வேண்டிய அந்த ஆபத்து மூன்று முறையாகக் குறைகிறது. வண்டி செய்வதன் முதல் இலாபம் இதுவே.

மருந்து வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

வண்டி செய்யப் புறப்படும் முன் திடலை ஒரு முறை சுற்றி வாருங்கள். களை எங்கே இருக்கிறது? மண் இறுகிப் புல் இல்லாமல் கிடக்கும் இடத்தில்தான் களை முதலில் வரும். புல்லை ஒட்ட வெட்டினால் வெயில் மண்ணைத் தொடும். களை விதை முளைக்கும். ஆகவே வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மொட்டையான இடத்தில் மண்ணைக் கொத்தி, நல்ல இடத்திலிருந்து மாட்டுப்புல் பற்றைகளைப் பெயர்த்து வந்து நடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் களை இருந்தால், மழைக்கு மறுநாள் மண்வெட்டியோடு இரண்டு பேர் போனால் வேலை முடிந்துவிடும். திடலில் பெரும்பகுதியைக் களை பிடித்துவிட்டது என்றால் மட்டுமே மருந்து.

எந்த மருந்து என்பதிலும் தெளிவு வேண்டும். கிளைபோசேட் அடித்தால் களையும் சாகும், புல்லும் சாகும். பிறகு மஞ்சள் திடல்தான் மிஞ்சும். புல் நிற்க, அகன்ற இலைக் களை மட்டும் சாக வேண்டுமானால், 2,4-டி போன்ற தேர்ந்து கொல்லும் மருந்து வேண்டும். அது தொட்டாற்சுருங்கி, குப்பைமேனி போன்றவற்றைத் தாக்கும். புல் இனத்தை விட்டுவிடும். லாலாங்கும், துணியில் ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப் புல்லும் புல் இனத்தைச் சேர்ந்தவை. அவை 2,4-டிக்கு அசையமாட்டா. அவற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே இருப்பதைப் பிடுங்கினால் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். ஒரே முறையில் ஒழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும் மருந்து 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பதிவு எண் புட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும். சீட்டு இல்லாத புட்டியையும், குளிர்பான போத்தலில் ஊற்றித் தரும் மருந்தையும் கையால் தொடாதீர்கள்.

வண்டி செய்யும் முறை

தேவையான சாமான்கள் இவை: காற்றடித்த சிறு சக்கரம் இரண்டு, ஆங்கிள் இரும்பு, 60 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று, 12 வோல்ட் டயாஃபிராம் பம்பு ஒன்று, மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்று, நாசில் எனப்படும் தெளிப்பு முனை மூன்று, நூல் வைத்த ஹோஸ் குழாய், வடிகட்டி, இரண்டு வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று.

முதலில் சட்டம். ஆங்கிள் இரும்பை 75 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள செவ்வகமாக வெல்டிங் செய்யுங்கள். அதன் அடியில் ஓர் இரும்புத் தண்டை அச்சாக வைத்து, தள்ளுவண்டிச் சக்கரம் இரண்டை மாட்டுங்கள். அகலமான காற்றுச் சக்கரம் நல்லது. மெலிந்த சக்கரம் ஈர மண்ணில் புதைந்து கோடு போடும். முன்பக்கம் ஒரு கால் வையுங்கள். வண்டியை நிறுத்தும்போது அது தாங்கும்.

அடுத்தது பீப்பாய். உணவுப் பொருள் வந்த சுத்தமான பீப்பாயாக இருக்கட்டும். வேறு இரசாயனம் வந்த பீப்பாய் வேண்டாம். உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பீப்பாயை அச்சுக்கு நேர் மேலே, சிறிது முன்தள்ளி, எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி குடை சாயும். பழைய டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். ஓர் அளவு வாளியால் பத்துப் பத்து லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, 10, 20, 30, 40 என்று பீப்பாயின் வெளியே அழியாத மையால் கோடு போடுங்கள். 60 லிட்டர் பீப்பாயானாலும் 40 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம். தண்ணீர் தளும்பி மூடி வழியாகச் சிந்தாமல் இருக்கவும், இழுக்கிறவருக்குப் பாரம் கூடாமல் இருக்கவும் இது வேண்டும். பீப்பாயின் இரு பக்கமும் ‘விஷம்’ என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதுங்கள். அன்று முதல் அந்தப் பீப்பாய் வேறு எதற்கும் உதவாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதுகுப் பம்பில் காற்றை அடைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், பீப்பாயை மூடி, அதற்குள் காற்றடித்து மருந்தைத் தள்ளலாமே என்று நினைக்கக்கூடும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. பிளாஸ்டிக் பீப்பாய் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதன்று. வெடித்தால் மருந்து முழுவதும் பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் அடிக்கும். நம் வண்டியில் பீப்பாய்க்குள் அழுத்தமே இராது. மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். அழுத்தம் பம்புக்குப் பின்னால் உள்ள குழாயில் மட்டுமே.

மூன்றாவது பம்பு. பீப்பாயின் அடியில் ஒரு திறப்பு வைத்து, அதிலிருந்து வடிகட்டி, வடிகட்டியிலிருந்து பம்பு என்று குழாயை இணையுங்கள். பம்பு பீப்பாயின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானாக இறங்கிவரும். பம்பைத் தாண்டியதும் குழாய் இரண்டாகப் பிரிய வேண்டும். ஒரு கிளை நாசில்களுக்குப் போகும். மற்றது ஒரு வால்வு வழியாகப் பீப்பாய்க்கே திரும்பும். நாசில்கள் எடுத்தது போக மீதித் தண்ணீர் திரும்பி வந்து பீப்பாயைக் கலக்கிக்கொண்டே இருக்கும். மருந்து அடியில் தங்காது. இந்தத் திரும்பும் வால்வைத் திறந்தால் நாசிலில் அழுத்தம் குறையும், மூடினால் கூடும். நாசில் பக்கத்துக் குழாயில் கேஜைப் பொருத்தி, அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில், அதாவது 2 பார் அளவில், நிறுத்துங்கள். அழுத்தம் மிகுந்தால் துளி பனிபோல் நுண்ணியதாகிக் காற்றோடு போய்விடும். களைக்கொல்லிக்குப் பருத்த துளியே நல்லது.

பேட்டரியைப் பீப்பாய்க்கு முன்னால், தண்ணீர் சிந்தாத ஒரு பெட்டிக்குள் வையுங்கள். நேர்முனைக் கம்பியில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். சுவிட்சை இழுக்கும் கைப்பிடியில் வையுங்கள். திடலின் கோடியில் திரும்பும்போது விரலால் நிறுத்தலாம்.

நான்காவது தெளிப்புக் கம்பு. ஏறக்குறைய 110 சென்டிமீட்டர் நீள இரும்பைச் சட்டத்தின் பின்பக்கம் குறுக்கே மாட்டுங்கள். நடுவில் ஒரு நாசில், அதற்கு இரு பக்கமும் 50 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று, ஆக மூன்று. விசிறிபோல் தட்டையாகத் தெளிக்கும் நாசில் வேண்டும். கூம்புபோல் சுற்றித் தெளிக்கும் நாசில் பூச்சி மருந்துக்கு உரியது. மூன்றும் ஒரே எண்ணும் ஒரே நிறமுமாக இருக்கட்டும். சொட்டுத் தடுப்பு உள்ள நாசில் பிடிப்பான் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சுவிட்சை நிறுத்தியதும் ஒழுக்கு நிற்கும்.

நாசில் களையின் தலைக்கு மேல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். விசிறியின் இரு ஓரத்திலும் மருந்து குறைவாக விழும். பக்கத்து விசிறி அதன்மேல் ஏறி விழுந்தால்தான் அளவு சரியாகும். கம்பு தாழ்ந்திருந்தால் இடையில் பட்டை பட்டையாகக் களை தப்பிவிடும். உயர்ந்திருந்தால் காற்று கொண்டுபோகும். ஆகவே கம்பை ஏற்றி இறக்க வசதியாக, சட்டத்தில் நீளத் துளை போடுங்கள். ஒரு விசிறி மற்றதன் மேல் மோதாமல் இருக்க, ஒவ்வொரு நாசிலையும் கம்பின் கோட்டிலிருந்து சிறிது சாய்த்துத் திருகுங்கள்.

கடைசியாக இழுகம்பு. இரண்டு மீட்டர் நீளக் குழாயை முன்னால் நீட்டி, நுனியில் குறுக்குப் பிடி வையுங்கள். நீளம் இருந்தால்தான் தெளிப்பு நம்மை விட்டு எட்டி விழும். நுனியில் ஒரு துளையும் போட்டுக்கொண்டால், புல்வெட்டும் வண்டிக்கோ மினி டிராக்டருக்கோ பின்னால் ஆணி போட்டு மாட்டலாம். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மட்டும் கட்டாதீர்கள். மருந்தோடு கூடிய வண்டி ஆடினால் ஓட்டுகிறவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

வெறும் தண்ணீரில் கணக்குப் பாருங்கள்

வண்டி தயாரானதும் மருந்தை ஊற்ற அவசரப்பட வேண்டாம். முதல் நாள் வெறும் தண்ணீரில் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதல் சோதனை நாசில். பம்பை ஓடவிட்டு, மூன்று நாசிலுக்கும் கீழே ஒவ்வொரு டப்பா வைத்து, சரியாக ஒரு நிமிடம் பிடியுங்கள். அளந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் 600 மில்லிலிட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து நிமிடத்துக்கு 1.8 லிட்டர். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடவோ குறையவோ இருந்தால், அதை மாற்றுங்கள். அடைத்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். வாயால் ஊதுவது விஷத்தை வாயில் வைப்பதாகும்.

இரண்டாவது சோதனை நடை. புல் தரையில் 60 மீட்டர் அளந்து இரு முனையிலும் குச்சி நடுங்கள். பாதி அளவு தண்ணீர் நிரப்பிய வண்டியை இழுத்துக்கொண்டு, நாள் முழுவதும் நடக்கக்கூடிய இயல்பான நடையில் நடந்து நேரம் பாருங்கள். 60 வினாடி ஆனால், நிமிடத்துக்கு 60 மீட்டர்.

மூன்றாவது கணக்கு. மூன்று நாசில், ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர். ஆக ஒன்றரை மீட்டர் அகலம். 60 மீட்டரை ஒன்றரையால் பெருக்கினால் நிமிடத்துக்கு 90 சதுர மீட்டர். அந்த 90 சதுர மீட்டருக்கு 1.8 லிட்டர் விழுகிறது. ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் ஹெக்டேருக்கு 200 லிட்டர் வரும். அப்படியானால் 40 லிட்டர் வண்டி 2,000 சதுர மீட்டருக்கு, சுமார் அரை ஏக்கருக்கு, போதும். பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் போட்டுத் தருவார்கள். அப்பா அம்மாவின் வேலை என்ன என்பதும் அவர்களுக்குப் புரியும்.

உங்கள் நாசிலும் நடையும் வேறாக இருந்தால் விடையும் வேறாக வரும். அதனால் நான் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடை இருமடங்கு வேகமானால் தரையில் விழும் மருந்து பாதியாகும். பாதி வேகமானால் இருமடங்காகும். டிராக்டரில் மாட்டினால் இந்தக் கணக்கை மறுபடியும் போட வேண்டும்.

மருந்தின் அளவைச் சீட்டுத்தான் சொல்ல வேண்டும். உதாரணமாக, சீட்டில் ஹெக்டேருக்கு 2 லிட்டர் என்று இருக்குமானால், நம் வண்டி ஒரு ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்கு போவதால், 40 லிட்டர் தண்ணீருக்கு 400 மில்லிலிட்டர் மருந்து. மூடியால் இரண்டு மூடி, கண்ணால் ஒரு மதிப்பு என்பது கூடாது. அளவுக் குவளை வேண்டும். "இன்னும் கொஞ்சம் விட்டால் நன்றாகச் சாகுமே" என்ற எண்ணமும் தவறானது. 2,4-டி இலை வழியாக வேர் வரைக்கும் இறங்கிப் போய்த்தான் கொல்கிறது. அளவு மிஞ்சினால் இலை உடனே கருகிவிடும். மருந்து வேருக்கு இறங்காது. களை இரண்டு வாரத்தில் மறுபடியும் துளிர்க்கும். காசும் போகும், புல்லும் வாடும்.

அடிக்கும் நாள்

புல்லை வெட்டிய மறுநாள் அடிக்க வேண்டாம். களைக்கு இலை இருந்தால்தான் மருந்தை வாங்கும். வெட்டி இரண்டு மூன்று நாள் விட்டு அடியுங்கள். அடித்த பிறகும் இரண்டு மூன்று நாள் வெட்டாதீர்கள். நம் நாட்டில் பல நாள் பிற்பகலில் மழை வரும். ஆகவே காலையில் பனி காய்ந்தவுடன் தொடங்குவது நல்லது. மழை இல்லாமல் எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது சீட்டில் இருக்கும்.

காற்றைப் பாருங்கள். மர இலை இலேசாக அசையும் அளவு காற்றுப் போதும். கொடியில் காயும் துணி பறக்கிறது என்றால் அன்று வேலை இல்லை. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கோடியிலிருந்து தொடங்கி, காற்றுக்குக் குறுக்காக இழுத்து, ஒவ்வொரு வரியாகக் காற்று வரும் பக்கம் நகருங்கள். அப்போது பறக்கும் துளி ஏற்கெனவே அடித்த இடத்தில் விழும்; உங்கள் மேல் விழாது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி தெரிய, திடலின் இரு கோடியிலும் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொள்ளுங்கள். அடித்த இடத்தில் திரும்ப அடிக்காமலும், விட்டுப்போகாமலும் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி, பப்பாளி வைத்திருப்பீர்கள். இவை எல்லாம் அகன்ற இலைச் செடிகள். 2,4-டி சிறிது பறந்து வந்தாலும் இலை சுருண்டு, காம்பு முறுக்கிக்கொள்ளும். இளம் ரப்பர் கன்றுக்கும் கேடு. ஆகவே காய்கறித் தோட்டத்தின் பக்கம் காற்று வீசும் நாளில் அடிக்காதீர்கள். அந்த ஓரத்தில் சில மீட்டரைக் கையால் களையெடுக்க விட்டுவிடுங்கள். கிணறு, ஓடை, கோழிக் கூண்டு ஆகியவற்றுக்கும் இதே விதி.

அடித்த இடத்தில் நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். சீட்டில் சொன்ன நேரம் வரைக்கும், குறைந்தது ஒரு நாளாவது, பிள்ளைகளும் ஆடு மாடுகளும் அங்கே போகக் கூடாது. களை அன்றே சாகாது. இரண்டொரு நாளில் தண்டு முறுக்கும். ஓரிரு வாரத்தில் பழுத்துக் காயும். பொறுமை வேண்டும்.

உடம்பைக் காப்பது

தாய்மார்களே, இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். நம் தோட்டங்களில் மருந்து வேலை பல காலமாகப் பெண்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு காலத்தில் லாலாங்கை ஒழிக்கச் சோடியம் ஆர்செனைட் என்னும் பாஷாணத்தைத் தெளித்தார்கள். 1960களில் பாராகுவாட் வந்தது. ஒரு மிடறு விழுங்கினாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரை வாங்கக்கூடிய அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2002இல் தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் துன்பத்தை ஓர் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் நகம் உதிர்ந்து, மூக்கில் இரத்தம் வந்து, "மருந்துக்கு இது சகஜம்" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். அது சகஜம் அன்று. உடம்பு நஞ்சை வாங்கிவிட்டது என்பதன் அடையாளம். பழைய பாராகுவாட் டின் எங்காவது மூலையில் கிடந்தால் தொடாமல் விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

இன்று கிடைக்கும் மருந்துகள் அதைவிடக் குறைந்த நஞ்சாக இருக்கலாம். ஆனாலும் நஞ்சு நஞ்சுதான். 2,4-டி கண்ணில் பட்டால் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். கலக்கும்போது இரப்பர்க் கையுறை, முகத்தை மூடும் கண்ணாடித் தகடு, மேல் அங்கி மூன்றும் வேண்டும். இழுக்கும்போது நீளக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, இரப்பர் பூட்ஸ் வேண்டும். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து காலுக்குள் இறங்கும். கலக்கும்போது முதலில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். பைப்பின் நுனி மருந்துத் தண்ணீரில் முங்கக் கூடாது. தண்ணீர் நின்றால் மருந்து குழாய்க்குள் திரும்ப ஏறிவிடும்.

வேலை நடக்கும்போது வெற்றிலை, புகை, தேநீர் எதுவும் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எல்லாம். பிள்ளை வயிற்றில் உள்ளவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இந்த வேலைக்கு வரக் கூடாது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்துத் துணியைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியாகத் துவையுங்கள். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தோட்ட நிர்வாகத்துக்காக இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்றால், கையுறையும் கண்ணாடியும் பூட்ஸும் கொடுப்பது முதலாளியின் கடமை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், 2000ஆம் ஆண்டு இரசாயனப் பொருள் விதிகளும் அதைச் சொல்கின்றன. கேட்பது சண்டை அன்று, உரிமை. ஒருவர் தனியாகக் கேட்கத் தயங்கினால், தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மருந்து தோலில் பட்டால் துணியைக் களைந்து, சோப்பும் ஏராளமான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்தின் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த நஞ்சு என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை பிழைக்காது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே ஆலோசனை கேட்டுக்கொள்வார்கள்.

வேலை முடிந்த பிறகு

பீப்பாயில் மருந்து மிஞ்சாதபடி கலப்பதே நல்ல வேலைக்காரரின் இலட்சணம். வண்டி காலியானதும் சுத்தத் தண்ணீர் ஊற்றிப் பம்பை ஓட்டி, அந்தத் தண்ணீரையும் அதே திடலில் தெளியுங்கள். இப்படி மூன்று முறை. சாக்கடையிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். மருந்துப் புட்டியையும் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைப் பீப்பாயிலேயே ஊற்றி, பிறகு புட்டியில் ஓட்டை போட்டுவிடுங்கள். எண்ணெய் வாங்கவோ தண்ணீர் மொள்ளவோ அது பயன்படக் கூடாது. 2,4-டி அடித்த வண்டியால் காய்கறிக்கு உரமோ பூச்சி மருந்தோ அடிக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் குழாயில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், செடியைக் கெடுக்கும். வண்டியையும் மருந்தையும் பூட்டிய கொட்டகையில் வையுங்கள். சாவி ஒரு பெரியவரிடம் இருக்கட்டும்.

நேயர்களே, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். பீப்பாய்க்குள் காற்றடைக்காதீர்கள். மருந்து விழுவது எப்போதும் நமக்குப் பின்னால் இருக்கட்டும். முதலில் தண்ணீரில் கணக்கு, பிறகு மருந்து. சீட்டில் உள்ள அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். காற்று, மழை, காய்கறித் தோட்டம், பிள்ளைகள் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு வண்டியை இழுங்கள்.

ஒரு தோட்டத்துக்கு இப்படி ஒரு வண்டி போதும். கோயில் குழுவும், பள்ளிப் பெற்றோர் சங்கமும், இளைஞர் மன்றமும் சேர்ந்து செலவைப் பகிர்ந்து செய்து வைத்துக்கொண்டால், திடலும் சுத்தமாகும், நம் பெண்களின் முதுகிலிருந்து ஒரு பாரமும் இறங்கும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.